நன்மடலும் களைமடலும்

தோற்றுவாய்

நன்மையும் தீமையும் விரவிக் கிடத்தல் உலகத்தியற்கை. வயலில் நெற்பயிரோடு களையும் முளைக்கும். கடலில் வீசிய வலையில் உண்ணுதற்குரிய மீனோடு ஆகாத மீனும் அகப்படும். அவ்வாறே, இக்காலத்து மக்கள் அளவளாவுதற்குப் பெருந்துணையாய் அமைந்த மின்னஞ்சலிலும், நண்பர் விடுத்த நன்மடலோடு, யாரென்று அறியப்படாதார் ஆயிரக்கணக்கானோர்க்கு ஒருங்கே விடுக்கும் வேண்டா மடல்களும் வந்து குவிகின்றன. இவற்றை ஆங்கிலேயர் ஸ்பாம் என்பர். யாம் இக்கட்டுரையில் களைமடல் என வழங்குவோம். சொந்தமாக அஞ்சற் சர்வர் ஒன்றை வைத்து நடத்தாத எளிய மாணவரும் சிறு சங்கத்தாரும் இக்களையை நீக்கிக்கொள்ளுமாறு யாங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என்று வினவுவார் உளராயின், அவர்க்கு எம் அநுபவம் ஒன்றனைக் கூறுதல் தகும். எம் தமிழ்ச் சங்கத்திற்கு மின்னஞ்சற் பெட்டி ஒன்று உண்டு. அதனைத் தந்த நிலையத்தார் களைமடலைத் தடுக்கும் ஏற்பாடு சிறிதே செய்திருந்தனர். ஆகலின் நாடோறும் கடன் தருவோம் என்பாரும், பரிசு விழுந்தது என்பாரும், மருந்து விற்போரும் எழுதிய மடல்கள் அப்பெட்டியை நிரப்பின. வாரம் ஒரு முறை யாம் அமர்ந்து, தலைப்பை மட்டும் நோக்கி, கூட்டங்கூட்டமாக அவற்றை அழித்துவந்தோம். ஒரு நாள் 'இலவசமாக நூல்கள்' என்னும் தலைப்பில் வந்த மடலொன்றையும் அவ்வாறே அழித்தோம். திங்கள் இரண்டு கழிந்த பின்னரே உண்மை தெரிந்தது. அது, பணியினின்று ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், தாம் வாழ்நாளெல்லாம் ஈட்டிய நூல்களைச் சங்கத்திற்கு அளிப்பதாக எழுதிய மடல். மறுமொழி காணாத அவர், வீட்டைக் காலிசெய்து மகனிடம் சென்றபொழுது, நூல்கள் பழைய காகிதக் கடைக்கு நிறை போட்டு விற்கப்பட்டன. அவற்றுள் இலக்கண உரைகளின் பழம்பதிப்புக்கள் பல இருந்தனவாம். அவரிடம் சென்று பிழை பொறுக்குமாறு வேண்டினோம். அவர் எம்மைக் கடிந்திலர். கடிந்திருப்பின் எம் மனம் சிறிது ஆறியிருக்கும்.

நன்மடலை அழித்தது எந்தக் கருவியும் அன்று; சலிப்புற்ற எம் கையே. இவ்விழப்பே எம்மை இத்துறையிற் செலுத்திற்று.

களைமடலின் வரலாறு

ஸ்பாம் என்பது முதற்கண் அமெரிக்க நாட்டு ஹார்மெல் என்னும் நிறுவனத்தார் 1937-ஆம் ஆண்டில் விற்கத் தொடங்கிய, தகரப்பெட்டியில் அடைத்த இறைச்சியின் பெயர். 1970-இல் மான்டி பைதன் என்னும் ஆங்கில நகைச்சுவைக் குழுவினர் நடித்த காட்சியொன்றில், உணவுச்சாலையின் பண்டங்கள் பெரும்பாலானவற்றில் அவ்விறைச்சியே கலந்து வர, அச்சொல்லே திரும்பத் திரும்ப ஒலித்து ஏனைப் பேச்சையெல்லாம் அமுக்கிவிடும். வேண்டாதது ஓயாது வந்து வேண்டியதை அமுக்குதல் என்னும் ஒப்புமை பற்றி, அப்பெயர் இம்மடல்களுக்கு ஆகிவந்தது.

பெயர் பின்னர்த் தோன்றினும் செயல் முன்னரே தோன்றிவிட்டது. 1978-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள், கேரி தூர்க் என்னும் விற்பனையாளர் தம் நிறுவனத்தின் கணிப்பொறிகளைப் பற்றி, அர்ப்பாநெட் என்ற வலையில் இருந்த ஏறத்தாழ 400 பேர்க்கு ஒரே மடலை விடுத்தார். அதனையே முதற் களைமடல் என்பர். 1994-இல் வழக்கறிஞர் இருவர், அமெரிக்கக் குடியேற்றச் சீட்டுப் பற்றிய தம் விளம்பரத்தை யூஸ்நெட் என்னும் உரையாடற் குழுக்கள் ஆயிரக்கணக்கானவற்றில் பரப்பியபின், இத்தொழில் பெருகலாயிற்று.

இக்களை இத்துணை எளிதிற் பரவுதற்குக் காரணம் யாது? மடல் கொண்டுசெல்லும் நெறியின் அமைப்பே காரணம் என்க. எஸ்.எம்.டி.பி. எனப்படும் அந்நெறியை ஜோனதன் போஸ்டல் என்னும் அறிஞர் 1982-இல் எழுதி வெளியிட்டார். அக்காலத்தில் வலையிலிருந்தோர் சிலர். பெரும்பாலார் ஒருவரையொருவர் அறிந்தோர். ஆகலின் விடுப்போன் பெயர் மெய்யோ பொய்யோ என வினவும் வழி அந்நெறியில் அமைக்கப்பட்டிலது. தபால் உறையின்மேல் எவரும் எப்பெயரையும் எழுதலாம் அன்றோ? அதுபோல மின்மடலிலும் விடுப்போன் பெயரைப் புனைந்து எழுதுதல் கூடும். தபாற்கேனும் தலை ஒட்டப் பணம் வேண்டும். மின்மடற்கு அதுவும் இன்று. பதினாயிரம் மடல் விடுத்து ஒருவன் ஏமாறினும் விடுத்தவனுக்கு ஊதியமே. பெறுவோர்க்கோ, காலமும் கவனமும் வீணாம்.

சர்வர் நடத்துவோரும் நடத்தாதோரும்

அஞ்சற் சர்வர் என்பது ஊர்த் தபால் நிலையம் போல்வது. பிறர் விடுக்கும் மடலை வாங்கி, அவரவர் பெட்டியில் இடுவது அதன் தொழில். அதனை நடத்துவோர் வாயிலிலேயே காவல் செய்யலாம். தீயோர் எனப் பெயர் பெற்ற கணிப்பொறிகளின் பட்டியலை நோக்கி, அவற்றிலிருந்து வரும் மடலை உள்ளே விடாது மறுக்கலாம்; ஸ்டீவ் லின்ஃபோர்ட் 1998-இல் நிறுவிய ஸ்பாம்ஹவுஸ் இத்தகைய பட்டியல்களைத் தருவது. புதியோர் மடலை, 'சற்றுப் பின்னர் வருக' என்று திருப்புதலும் உண்டு. நேர்மையான சர்வர் மீண்டும் வரும், களைமடல் தூவுவோருட் பலர் மீண்டும் வாரார் என்பது அதன் கருத்து. இம்முறையை இவான் ஹாரிஸ் 2003-இல் எடுத்துரைத்தார்.

சர்வரை நடத்துதலோ எளிதன்று. இரவும் பகலும் அது விழித்திருத்தல் வேண்டும்; மாறாத வலைமுகவரி வேண்டும்; பெயர்ப் பதிவேடுகள் பிழையின்றி அமைதல் வேண்டும். சிறிது சோர்ந்தாலும் கயவர் அதனைக் கைப்பற்றித் தம் களைமடலை அதன் வழியே விடுப்பர். அங்ஙனம் ஒருமுறை கெட்ட பெயர் எடுத்த சர்வர் விடுக்கும் நன்மடலையும் பிறர் ஏலார். களையைப் போக்கும்பொருட்டு இப்பெருஞ்சுமையைத் தலைமேற் கொள்ளுதல், பால் வேண்டி மாட்டுப்பண்ணை வைத்தாற்போலும்.

சர்வர் இல்லாத யாம் வாயிற்காவல் செய்ய இயலாது. மடல் பெட்டியில் வந்து விழுந்த பின்னரே அதனைத் தொட இயலும். ஆயினும் பிரித்து வைக்கும் உரிமை எமக்கு உண்டு. அதற்குரிய வழிகள் நான்கு.

வழிகள் நான்கு

முதலாவது, நிலையத்தாரிடத்திலேயே விதி எழுதி வைத்தல். 'இன்ன சொல் தலைப்பில் இருப்பின் இன்ன அறையில் இடுக' என்றாற்போன்ற விதிகளை ஏற்கும் நிலையங்கள் பல. இதற்கெனச் சீவ் என்னும் விதிமொழி 2001-இல் வகுக்கப்பட்டு, 2008-இல் திருத்தம் பெற்றது. அப்பெயர்க்குச் சல்லடை என்பது பொருள். எம் கணிப்பொறி உறங்கும்பொழுதும் இவ்விதி வேலை செய்யும் என்பது இதன் நலம். களைமடல் விடுப்போர் சொல்லை நாடோறும் மாற்றுவர், யாம் விதியை நாடோறும் மாற்ற வேண்டும் என்பது இதன் குறை.

இரண்டாவது, மடல் படிக்கும் நிரலே களை பிரித்தல். தண்டர்பேர்ட் என்னும் நிரலில் இவ்வாற்றல் அமைந்துள்ளது. 'இது குப்பை', 'இது குப்பை அன்று' எனப் பயனாளர் சுட்டச் சுட்ட அது கற்றுக்கொள்ளும். ஒரே கணிப்பொறியில் மடல் படிப்போர்க்கு இதனினும் எளிய வழி இல்லை. அவர் அந்நிரலைத் திறவாதபொழுது கைப்பேசியில் நோக்குவாராயின், களையெல்லாம் அங்கே காட்சி தரும்.

மூன்றாவது, நிலையத்திற்கும் நிரலுக்கும் நடுவே ஓர் இடைத்தரகனை நிறுத்துதல். ஜான் கிரஹாம்-கம்மிங் 2002-இல் வெளியிட்ட பாப்ஃபைல் இத்தகையது. மடலை நிலையத்தினின்று வாங்கிச் சோதித்து, முத்திரையிட்டு, நிரலிடம் அது கொடுத்தது. மடலை முழுதும் தம் கணிப்பொறிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் நெறியைக் கையாண்டோர்க்கு அது பெரிதும் பயன்பட்டது.

நான்காவது, பெட்டியைத் தொலைவிலிருந்தே திறந்து நோக்கும் ஐமேப் நெறியைத் துணைக்கொள்ளுதல். மார்க் கிரிஸ்பின் என்பார் 1986-இல் வகுத்த இந்நெறியின்படி மடல்கள் நிலையத்திலேயே இருக்கும்; எத்தனை கருவியிலிருந்தும் அவற்றை நோக்கலாம், ஓர் அறையினின்று மற்றோர் அறைக்கு மாற்றலாம். அங்ஙனமாயின், மனிதன் செய்யும் அவ்வேலையை ஒரு நிரல் செய்தல் கூடாதோ? கூடும். ஐ.எஸ்.பி.ஜி. என்னும் சிறு நிரல் பெட்டியைத் திறந்து, புது மடல் ஒவ்வொன்றையும் ஸ்பாம் அசாசின் என்னும் சோதனைக் கருவியிடம் காட்டி, அது களை என்று கூறியவற்றைத் தனியறைக்கு மாற்றும். ஒரு கணிப்பொறி இதனைச் செய்தால், அப்பெட்டியைத் திறக்கும் எல்லாக் கருவியிலும் பயன் தோன்றும். சங்கத்தின் உறுப்பினர் பலர் ஒரே பெட்டியை நோக்குவராதலின் யாம் இவ்வழியையே மேற்கொண்டோம்.

குருவானவர் ஒருவரின் கணக்கு

ஸ்பாம் அசாசின் என்பது ஜஸ்டின் மேசன் 2001-இல் வெளியிட்டது. பின்னர் அப்பாச்சி நிறுவனத்தாரின் ஆதரவிற்குட்பட்டது. இது மடலைப் பல விதிகளால் அளந்து மதிப்பெண் இடும். தீய குறி தோன்றின் எண் கூடும். நற்குறி தோன்றின் குறையும். மொத்தம் 5-ஐ எட்டினால் களை எனத் தீர்ப்பளிக்கும். ஒரு குறி கொண்டு எவரையும் குற்றவாளியென்னாது, பல சான்றுகளைக் கூட்டி நோக்குதல் இதன் சிறப்பு.

இச்சான்றுகளுள் தலையாயது பேயிஸ் கணக்கு எனப்படும். தாமஸ் பேயிஸ் என்பார் இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்னும் ஊரில் திருச்சபைத் தொண்டு புரிந்த குருவானவர். 1761-இல் இறைவனடி சேர்ந்தார். அவர் எழுதிவைத்த கட்டுரையை, அவர் நண்பரும் குருவானவருமாகிய ரிச்சர்ட் பிரைஸ் செப்பஞ்செய்து அனுப்ப, ராயல் சங்கத்தார் 1763-இல் வெளியிட்டனர். ஒரு நிகழ்ச்சியைக் கண்ட பின்னர், அதற்குக் காரணமாகக் கூடியவற்றுள் எது எவ்வளவு நம்பத்தக்கது என அளந்தறிவதே அக்கணக்கின் சாரம். அதனை அஞ்சற்களையின்மேற் செலுத்திய ஆராய்ச்சிகள் 1998-இல் தோன்றின. 2002-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பால் கிரஹாம் எழுதிய கட்டுரை அதனை யாவரும் அறியச் செய்தது.

கணக்கின் தன்மையை எம் இழந்த மடலைக்கொண்டே விளக்குவோம். எண்கள் விளக்கத்தின்பொருட்டுப் புனைந்தவை. களைமடல் 200-உம் நன்மடல் 200-உம் எடுத்துச் சொற்களை எண்ணியதாகக் கொள்க. 'இலவசம்' என்னும் சொல் களையில் 80 மடலிலும் நல்லவற்றில் 4 மடலிலும் வந்தது எனின், அச்சொல்லுடைய மடல் களையாதற்குரிய நிலை 20-க்கு 1 ஆகும். அச்சொல் ஒன்றனையே நோக்கித் தீர்ப்பளித்தால், 100-க்கு 95 பங்கு களை எனத் தோன்றும். எம் கை செய்த தீர்ப்பும் இதுவே. இனி, 'நன்னூல்' என்னும் சொல் களையில் 1 மடலிலும் நல்லவற்றில் 60 மடலிலும் வந்தது எனின், அச்சொல் கூறும் சான்று 1-க்கு 60. இரண்டனையும் பெருக்க, 20-க்கு 60, அஃதாவது 1-க்கு 3 ஆம். இப்பொழுது அம்மடல் களையாதல் 100-க்கு 25 பங்கே. மடலைத் திறந்து, உள்ளே ஆசிரியர் குறித்திருந்த நூற்பெயர்களையும் நோக்கியிருந்தால், எம் கையும் அழித்திராது. கருவி சலிப்பின்றி முழுதும் படிக்கிறது. யாம் தலைப்போடு நின்றோம். வேறுபாடு இவ்வளவே.

உண்மையில் கருவிகள் சான்றுகளைக் கூட்டும் முறை இதனினும் நுட்பமானது, அடிப்படை இதுவே. இம்முறை சொற்களைத் தனித்தனியே எண்ணுமன்றி, அவை தம்முள் கொண்ட இயைபை நோக்காது. எழுவாய் பயனிலை அறியாத மாணவன் ஒருவன் சொற்களை மட்டும் எண்ணித் தேர்வில் வெற்றி பெறுதல் போலும் இது. எனினும் வெற்றி பெறுகிறான் என்பதே வியப்பு.

தமிழ் மடல்பற்றி ஒரு சொல் ஈண்டுக் கூறுதல் வேண்டும். இடைவெளி கண்டு சொல் பிரிக்கும் கருவிக்கு நூல், நூலை, நூலால், நூலுக்கு என்பன நான்கு வேறு சொற்கள். வேற்றுமையுருபும் புணர்ச்சியும் அறியாத அதற்கு, தமிழ் மடலை ஆங்கில மடலினும் மிகுதியாகக் காட்டிக் கற்பித்தல் வேண்டும். தமிழ் மடல் மிகப் பெறுவோர் இதனை மறவாதிருத்தல் நலம். மேலும் ஸ்பாம் அசாசினில், ஏற்கத்தக்க எழுத்து வகைகளை வரையறுக்கும் அமைப்பு ஒன்று உண்டு. 'எல்லாம் ஏற்கத்தக்கன' என்றே அது முதற்கண் அமைந்துள்ளது. அதனைச் சுருக்கினால் நன்மடலும் குற்றமாகக் கருதப்படக்கூடும். ஆகலின் அதனை மாற்றற்க.

செய்முறை

இனி, செய்யுமாற்றை முறையே கூறுவோம்.

முதற்கண், லினக்ஸ் ஓடும் பழைய கணிப்பொறி ஒன்று போதும். அதில் ஸ்பாம் அசாசினையும் ஐ.எஸ்.பி.ஜி.-யையும் நிறுவுக. விதிகளைப் புதுப்பிக்கும் கட்டளையை நாடோறும் ஒருமுறை இயங்குமாறு அமைக்க. பழைய விதி பழைய களையையே அறியும்.

பின்னர், அஞ்சற்பெட்டியில் ஐமேப் நெறி திறந்துள்ளதா எனக் காண்க. மறைபொருளாக்கிச் செல்லும் இணைப்பாகிய 993-ஆம் வாயிலையே பயன்படுத்துக. நிரலுக்கெனத் தனிக் கடவுச்சொல் வழங்கும் நிலையமாயின் அதனையே பெறுக; முதன்மைக் கடவுச்சொல்லை நிரலிடம் கொடாதீர். அதனை எழுதிவைத்த கோப்பை உரியவர் ஒருவரே படிக்குமாறு பூட்டுக.

மூன்றாவதாக, பெட்டியில் அறைகள் மூன்று அமைக்க. 'ஐயம்' என்னும் அறை, கருவி களை எனக் கருதியவற்றை இடுதற்கு. 'களை கற்பி' என்பது, கருவி தப்பவிட்ட களையை யாம் இடுதற்கு. 'நன்மை கற்பி' என்பது, கருவி தவறாகக் களைந்த நன்மடலை இடுதற்கு. முதலறைக்குக் குப்பை என்று பெயரிடாது ஐயம் என்று பெயரிட்டது கருதியே. குப்பை என்றால் ஒருவரும் திறந்து பாரார்.

நான்காவதாக, கற்பித்தல். களைமடல் 200-உம் நன்மடல் 200-உம் ஆகிய அளவேனும் கற்றாலன்றி, ஸ்பாம் அசாசின் பேயிஸ் கணக்கைத் தீர்ப்பிற் சேர்க்காது. ஆகலின் பெட்டியிலுள்ளவற்றைப் பொறுமையோடு பிரித்துக் கற்பி அறைகளில் இடுக. இங்கே ஒன்று தவறினும் கருவி தவற்றையே கற்கும். ஆசிரியன் பிழை மாணாக்கன்பாற் பெருகும் என்பதை யாம் இங்ஙனம் கண்டோம்: தம் கல்வி நிலையத்திலிருந்து வரும் சுற்றறிக்கையை விரும்பாத உறுப்பினர் ஒருவர் அவற்றைக் களை எனக் கற்பிக்க, தேர்வு நாள் அறிவித்த மடலும் ஐய அறைக்குச் சென்றது. நல்லகாலம், அடுத்த நாளே மீட்டோம். விரும்பாத மடல் வேறு, கேளாத மடல் வேறு. விரும்பாததற்கு விதி எழுதுக. களை எனக் கற்பிக்கற்க.

ஐந்தாவதாக, ஒத்திகை. மடலை மாற்றாது தீர்ப்பை மட்டும் கூறுமாறு நிரலை ஏவும் முறை உண்டு. ஒரு வாரம் அவ்வாறு இயக்கி, தீர்ப்புக்களை எம் கருத்தோடு ஒப்பிட்டோம். கருவி வேலை செய்கின்றதா என அறிய, உண்மைக் களைமடலைத் தேடி அலைய வேண்டா, இதற்கென்றே ஜி.டி.யூப். என்னும் சோதனைத்தொடர் ஒன்று வகுக்கப்பட்டுள்ளது. அது வந்த மடலுக்கு ஸ்பாம் அசாசின் 1000 எண் இடும்.

ஆறாவதாக, 10 நிமிடங்களுக்கு ஒருமுறை நிரல் தானே இயங்குமாறு காலக் கட்டளை அமைத்தோம். முன் நோக்கிய மடலை அது நினைவிற்கொண்டு, புதியனவற்றையே சோதிக்கும். மிகப் பெரிய மடல்களைச் சோதியாது விடும். களைமடல்கள் பெரும்பாலும் சிறியனவாதலின் அதனால் தீங்கு பெரிதில்லை.

கைக்கொள்ளற்குரிய எச்சரிக்கைகள்

விடுப்போன் பெயரை நம்பி, 'இவர் மடல் என்றும் நன்று' என எழுதுதல் இடர். அப்பெயரைப் புனைதல் எளிது என மேலே கண்டோம். இக்குறை தீர்க்க மூன்று ஏற்பாடுகள் எழுந்தன. எஸ்.பி.எஃப். என்பது, இன்ன நிறுவனத்தின் மடலை இன்ன கணிப்பொறிகளே விடுக்கும் என அந்நிறுவனம் அறிவித்துவைப்பது. டி.கே.ஐ.எம். என்பது மடலில் இடும் இலச்சினை. டி.மார்க் என்பது இவ்விரண்டனையும் கண்ணுக்குத் தெரியும் பெயரோடு பொருத்தி, பொருந்தாதவற்றை என் செய்வது எனக் கூறுவது. பெரிய அஞ்சல் நிலையங்களாகிய ஜிமெயிலும் யாஹூவும் 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல், பெருந்தொகையாக மடல் விடுப்போர் இவற்றைக் கைக்கொள்ளல் வேண்டும் என விதித்தன. சர்வர் இல்லாத யாமும் இவற்றால் பயன் பெறலாம். எம் நிலையம் செய்த சோதனையின் முடிவு மடலின் தலைக்குறிப்பில் எழுதப்பட்டிருக்கும். எம் நிலையம் எழுதியதை மட்டும் நம்புக. பிறர் பெயரில் அமைந்த அத்தகைய குறிப்பை விடுத்தவனே எழுதியிருத்தல் கூடும். இலச்சினை மெய்யாயின் பெயர் மெய் என்பது பெறப்படுமன்றி, மடல் நன்று என்பது பெறப்படாது என்பதும் நினைவிற்குரியது. கயவனும் தன் பெயரில் இலச்சினை இடுவான்.

களைமடலுக்கு மறுமொழி விடுக்கற்க. 'உம் மடலை ஏலேம்' எனத் திருப்பியனுப்பும் ஏற்பாடும் செய்யற்க. விடுத்தவன் பெயர் புனைந்ததாயின், அத்திருப்பம் அறியாத ஒருவர் பெட்டியிற் சென்று விழும். களையை நீக்கப் புகுந்த யாமே களை விதைத்தோராவோம். அறியாதார் மடலில் 'இனி வேண்டா' என்றிருக்கும் இணைப்பைத் தொடுதலும் நன்றன்று. இப்பெட்டி உயிரோடுள்ளது என அவர்க்கு அறிவித்தலே அதன் பயனாகலாம். யாமே விரும்பிச் சேர்ந்த, நன்கறிந்த நிறுவனமாயின் அதனைத் தொடலாம்.

மடலைப் பிறர் நடத்தும் வடிகட்டும் நிலையம் ஒன்றன் வழியே திருப்பிவிடுதலும் ஒரு முறையே. அங்ஙனமாயின் எம் மடலெல்லாம் அவர் கண்ணிற்படும் என்பதை எண்ணுக. பிறர் எம்மை நம்பி எழுதிய மடல்களும் அவற்றுள் உள அன்றோ?

எல்லாவற்றினும் தலையாய எச்சரிக்கை, கருவியை அழிக்க விடாமையே. குறித்த எண்ணுக்கு மேற்பட்டவற்றை உடனே அழிக்கும் ஏற்பாடு ஐ.எஸ்.பி.ஜி.-இல் உண்டு, யாம் அதனைக் கையாண்டிலோம். திருமறையில் மத்தேயு நற்செய்தி 13-ஆம் அதிகாரத்திற் காணும் களைகளின் உவமையை ஈண்டு நினைக்கின்றோம். ஊழியர் களையைப் பிடுங்க விரைந்தபொழுது, கோதுமையும் உடன் வேரறும் என வீட்டெஜமான் அவரைத் தடுத்து, அறுப்புக்காலம்வரை பொறுக்கச் செய்தான். அவ்வுவமையின் ஆன்மீகப் பொருள் மிக ஆழ்ந்தது. அதனை மடற்பெட்டியளவிற் சுருக்குதல் எம் நோக்கமன்று. எனினும், தவறாது பிரிக்கும் அறிவு தமக்கில்லை என்று உணர்ந்தோர் அழிப்பதற்கு விரையலாகாது என்னும் அளவில், அது எமக்கும் பாடமாகும். ஒரு களை தப்பி உள்ளே வந்தால் இழப்பு ஒரு நொடி. ஒரு நன்மடல் அழிந்தால் இழப்பு எத்துணை என்பதை யாம் அறிவோம்.

முடிவுரை

நன்னூலார் மாணாக்கரை உவமிக்கும்பொழுது, முதல் மாணாக்கனுக்கு அன்னத்தையும், கடை மாணாக்கர்க்குக் கூறியவற்றுள் நெய்யரியையும் காட்டினார். இரண்டும் பிரிப்பனவே. அன்னம் நீரை விடுத்துப் பாலைக் கொள்வது. நெய்யரி நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைப் பற்றிக்கொள்வது. யாம் கைகளால் மடல் பிரித்த காலத்தில் நெய்யரியாய் இருந்தோம். இப்பொழுது அமைத்த கருவி அன்னமாகிவிட்டது என்று கூறத் துணியோம். அஃது ஒரு நல்ல மாணாக்கன். கற்பித்தவாறு கற்கின்றது, தவறினால் திருத்தம் ஏற்கின்றது.

ஆகலின் வெள்ளிதோறும் மாலையில் எம் சங்கத்தார் இருவர் அமர்ந்து ஐய அறையைத் திறந்து நோக்குகின்றனர். முன்போல் குவியல் இன்மையால் சலிப்பு இல்லை. சலிப்பு இன்மையால் ஒவ்வொரு மடலையும் திறந்து படிக்க இயல்கின்றது. கருவியால் யாம் பெற்ற பெரும்பயன் இதுவே. கவனத்தை எம்மிடமிருந்து அது பறித்துக்கொண்டிலது. வேண்டுமிடத்துச் செலுத்துமாறு திருப்பித் தந்தது.

இலக்கண உரைகளின் அப்பழம்பதிப்புக்கள் இனி மீளா. ஆயினும் வேறொரு முதியவர், வேறோர் ஊரிலிருந்து, 'இலவசமாக' என்னும் அச்சொல்லையே தலைப்பிலிட்டு நாளை எழுதக்கூடும். அம்மடல் எம் பெட்டியில் எங்கு விழுந்தாலும், ஒரு வாரத்துள் ஒருவர் கண்ணிற் படும். அன்றே மறுமொழியும் செல்லும். இவ்வுறுதியை அவ்வாசிரியர்க்கு அளித்தோம். அவரும் தம்மிடம் எஞ்சிய நூல் ஒன்றை எம் கையிற் கொடுத்து, வாழ்த்தி விடைதந்தார்.